சுடலைக்கண்ணு வச்ச பட்டர் ஃப்ரூட் கொட்டை

ஒரு ஊர்ல ஒரு லாரி டிரைவர் இருந்தாராம். கண்ணை மூடிக்கிட்டே கேளு, நடுவுல 'ம்' மட்டும் சொல்லு. அவர் பேரு சுடலைக்கண்ணு. ஊரு திருப்பூரு. ஒரு இடத்துல உக்காரவே மாட்டாரு. சோறு தின்னும்போதுகூட பாதி உடம்பு வாசல்ல இருக்கும்.

அப்போ ஒருநாள் லாரி மேல ஏறித் தார்ப்பாய் கட்டும்போது சர்ர்ருனு வழுக்கி, தொப்புனு விழுந்துட்டாரு. கால் எலும்பு முறிஞ்சுபோச்சு. மாவுக்கட்டு போட்ட டாக்டர், காலைத் தரையில ஊனவே கூடாதுன்னு சொன்னாரு. இவர் கேப்பாரா? சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு தத்தித் தத்தி நடந்தாரு. கூடுற எலும்பு விலகிப்போச்சு. மறுபடியும் கட்டு. இன்னொரு தரம் விலகுச்சுன்னா கால் கோணிப்போயிரும், அப்புறம் லாரியை மறந்துர வேண்டியதுதான்னுட்டாரு டாக்டர்.

ம்?

அவர் பொண்டாட்டி பிரம்மசக்தி பனியன் கம்பெனிக்குப் போறவ. காலையில இவரை மூணாவது மாடி வீட்டு ஜன்னலோரமா உக்கார வச்சுட்டுப் போவா. சாயங்காலம் என்ன பண்ணி வச்சிருக்காரோன்னு பயந்துக்கிட்டே தடதடன்னு படியேறி வருவா.

இவருக்குப் பொழுது போகணுமே. அவ அன்னாசிப்பழம் அறுத்தப்போ கொண்டையைக் கேட்டு வாங்கி, பழைய பெயிண்ட் டப்பாவுல மண்ணு போட்டு ஊனினாரு. வேர் விட்டுச்சான்னு காலையில இழுத்துப் பாத்தாரு, மத்தியானம் இழுத்துப் பாத்தாரு. பொசுக்குன்னு கையோட வந்துருச்சு.

அப்புறம் முளை விட்ட இஞ்சித் துண்டு. அதையும் விட்டாரா? நோண்டி நோண்டிப் பாத்ததுல முளை டக்குனு ஒடிஞ்சுது. அதைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு.

அப்புறம் சூப்பர் மார்க்கெட்ல வாங்கின பட்டர் ஃப்ரூட். அதோட கொட்டையில பல்குச்சி குத்தி, கண்ணாடி டம்ளர்ல அடிப்பாதி தண்ணியில முங்குற மாதிரி ஜன்னல்ல வச்சாரு. நாள் போச்சு, வாரம் போச்சு. கொட்டை கல்லாட்டம் இருந்துச்சு. உள்ள உயிர் இருக்கா இல்லையா, கீறிப் பாத்துரலாமான்னு கை துடிச்சுது. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு அமுக்கிக்கிட்டாரு. தண்ணி மட்டும் மாத்தினாரு.

தூங்கிட்டியா? இல்லையா, சரி.

அப்போ ஒரு மத்தியானம் தெருவுல 'பாம்... பாம்...'. அவரோட லாரி. கூட்டாளி காசிலிங்கம் ஓட்டிக்கிட்டு வந்திருக்கான். நாக்பூர் போறேன், பக்கத்துல சும்மா உக்காந்து வாண்ணே, நான் தாங்கிப் பிடிச்சு இறக்கிக் கூட்டிட்டுப் போறேன்னு கீழ இருந்து கூப்பிட்டான். சுடலைக்கண்ணு ஒத்தைக் கால்ல எந்திரிச்சே நின்னுட்டாரு. கட்டுப் போட்ட கால் தரையைத் தொடப் போகுது. ஜன்னல் கம்பியைப் பிடிக்கப் போனப்போ டம்ளர் கண்ணுல பட்டுச்சு. கொட்டை அடியில வெடிச்சு, வெள்ளையா நூலாட்டம் ஒரு வேர். யாரும் இழுக்கல, யாரும் நோண்டல. அதுவா வந்திருக்கு.

அவர் கம்பியைப் பிடிச்சு மெதுவா உக்காந்துட்டாரு.

"நீ போயிட்டு வா காசி. நான் வரல."

லாரி டர்ர்ருனு போயிருச்சு. சத்தம் தேயுற வரைக்கும் கம்பியை விடவே இல்லை.

சாயங்காலம் பிரம்மசக்தி மூச்சிரைக்க வந்தா. லாரி வந்த சேதியைத் தெருமுனையிலேயே யாரோ சொல்லிட்டாங்க.

"கீழ இறங்குனீங்களா?"

"இல்ல."

அவ நின்ன இடத்துலயே உக்காந்து அழுதா. இத்தனை நாளும் அவ அழுது அவர் பாத்ததில்ல. இங்க வா, ஒண்ணு காட்டுறேன்னு பக்கத்துல கூப்பிட்டு, டம்ளரை அவ கையில குடுத்தாரு.

அப்புறம் கட்டுப் பிரிச்சாங்க. எலும்பு நேரா கூடியிருந்துச்சு. இப்போ அவர் நாக்பூர் ரோட்டுல லாரி ஓட்டிக்கிட்டு இருக்காரு. செடிக்கு அவதான் தண்ணி ஊத்துறா.

கதையும் படுத்துக்கிச்சு, நீயும் தூங்கு.