செம்பி தின்ற மிச்சம்

ஒரு காட்டில், ஓடைக்கரை நாவல் மரத்தில், செம்பி என்ற மலை அணில் குடியிருந்தாள். உயரமான கிளையின் மெல்லிய நுனியில் அவள் கூடு இருந்தது. மலை அணில்களின் வழக்கம் அது. நுனிக்கிளை அணிலைத் தாங்கும், காட்டுப்பூனையைத் தாங்காது. அதனால் செம்பியும் அவளுடைய இரண்டு குட்டிகளும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

செம்பி எதையும் வீணாக விடமாட்டாள். நல்ல குணம்தானே என்கிறீர்களா? கேளுங்கள்.

காலையில் அவள் வயிறாரச் சாப்பிடுவாள். பிறகு குட்டிகள் ஓர் அத்திப்பழத்தைக் கடித்துப் பாதியில் போட்டுவிட்டு விளையாட ஓடும்.

"ஐயோ, வீணாப் போகுதே!" என்பாள் செம்பி. மீதி அவள் வாய்க்குள் போய்விடும். பொழுது சாயும்வரை இதே கதைதான்.

பக்கத்துக் கிளை மைனா ஒருநாள் கேட்டது. "செம்பியக்கா, உனக்கு இன்னுமா பசிக்குது?"

"பசியா? காலையில சாப்பிட்டதோட சரி. அப்புறம் நான் எங்கே சாப்பிட்டேன்?"

"இப்ப வாயில என்ன?"

"இது குட்டிங்க வெச்ச மிச்சம். இதெல்லாம் சாப்பாட்டுல சேருமா?"

மைனா பறந்து போனது.

மரத்தடியில் படுத்திருந்த காட்டுப்பூனை இதைக் கேட்டது. மறுநாள் பாதிப் பலாப்பழம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தது.

"அணிலம்மா, நான் கறி தின்கிறவன். எனக்கு எதுக்குப் பலா? இது மண்ணோட மண்ணாப் போகப்போகுது. மனசு கேக்கலை!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

செம்பிக்கும் மனசு கேட்கவில்லை. இறங்கி வந்து ஒரு சுளை விடாமல் தின்றாள். தினமும் பழம் வந்தது. சாப்பாடு காலடிக்கே வந்ததால், மரம் விட்டு மரம் தாவுவதையும் விட்டுவிட்டாள். உடம்பு பருத்துக்கொண்டே போனது.

ஒரு மாலை, பூனை விறுவிறுவென்று மரத்தில் ஏறியது.

"குதிங்க பிள்ளைங்களா!" என்று கத்தினாள் செம்பி. குட்டிகள் எதிர்மரத்துக்குத் தாவிவிட்டன. அவள் தாவ எழுந்தாள், கால் எழவில்லை. கூடு இருந்த நுனிக்கு ஓடினாள். கிளை கிறீச்சிட்டு வளைந்து, கீழே இன்னும் கீழே இறங்கியது.

பூனை அவசரப்படவில்லை. அடுத்த கிளைக்கு இறங்கி நின்றுகொண்டது.

"இளைச்ச அணிலை நான் எந்தக் காலத்துல பிடிச்சேன்? நான் உன்கிட்ட வரவே வேண்டாம். கிளையே உன்னைக் கொண்டுவந்து கொடுக்கும்!"

"அம்மா! அம்மா!" என்று அழுதன குட்டிகள்.

பூனை பாய்ந்து வாலைக் கவ்வவும் கிளை முறியவும் சரியாக இருந்தது. கூடு சிதறியது. விழுந்த செம்பியின் கைக்கு ஒரு கொடி அகப்பட்டது. அதைப் பற்றி ஊசலாடி, எதிர்மரத்தின் பொந்துக்குள் எப்படியோ நுழைந்தாள். பூனைக்கு வால் நுனி மட்டும்தான் மிஞ்சியது.

மறுநாள் காலை குட்டிகள் பாதிப் பழத்தைப் போட்டுவிட்டு ஓடின. செம்பியின் கை தானாக நீண்டது. ஒரு கணம் நின்றாள். பிறகு பழத்தைக் கீழே தள்ளிவிட்டாள்.

அடியில் சருகுமான் என்ற சின்னஞ்சிறு மான் ஒன்று வந்து அதைத் தின்றது. சிந்திய துணுக்குகளை எறும்புகள் சூழ்ந்தன.

"அட, வீணாப் போகலையே!" என்றாள் செம்பி.

நீதி: பசிக்குச் சாப்பிடு, மிச்சமாகிறதே என்று சாப்பிடாதே.