கால் படாமல் வந்த மகன்

மணப்புழைத் துறைமுகத்தை ஆண்ட கோளரி ராஜா ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். அதை மாற்றிய வழக்கமே இல்லை. ஒரே மகன் ஆதவன் பட்டத்து யானையைச் சூதாட்டத்தில் தோற்றுவிட்டு வந்து நின்றபோது, "இவன் கால் இனி என் மண்ணில் படக்கூடாது" என்று சொல்லிவிட்டார். மூன்று வருஷமாக அவன் பக்கத்து நாட்டில் படகு வலித்துப் பிழைத்தான். சபையில் அவன் பெயரை எடுக்க யாருக்கும் தைரியமில்லை.

அந்தச் சபையில் எலியாவு என்றொரு யூதர் இருந்தார். கப்பல் வணிகர்களிடம் ராஜா சார்பில் பேசுகிற அதிகாரி. வாயைத் திறந்தால் குறும்புதான். அந்த ஆவணியில் அவர் தினமும் சபைக்குத் தாமதமாக வந்தார். மந்திரி கண்டப்பனுக்கு அது போதும்.

"விடியும்போது ஆட்டுக்கொம்பை ஊதி ஊரை எழுப்பிவிடுகிறார், மகாராஜா. சபைக்கு மட்டும் பிந்தி வருகிறார்."

ராஜா விசாரித்தார்.

"எங்கள் வருஷப் பிறப்பு வருகிறது, மகாராஜா," என்றார் எலியாவு. "அன்று கடவுள் ராஜாவாக உட்கார்ந்து எங்களை விசாரிப்பார். ஒரு மாதம் முன்பே தயாராகிறோம். கொம்பு ஊதுவது எங்கள் மனதை எழுப்பத்தான். பிறகு, யார் மனதையெல்லாம் நோகடித்தோமோ அவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்கிறோம். என் பட்டியல் கொஞ்சம் நீளம். அதனால்தான் தாமதம்."

"விசாரணைக்குப் போகிறவர் முகம் இப்படியா மலர்ந்திருக்கும்?"

"அந்த ராஜாதானே எங்களுக்குத் தகப்பனும்."

ராஜாவின் முகம் இறுகியது. "நடக்காது. ராஜா சொல்லைக் காக்க வேண்டும். தகப்பன் பிள்ளையைக் காக்க வேண்டும். ஒரே ஆளால் இரண்டும் முடியாது. எனக்குத் தெரியும். முடியும் என்றால் உம்முடைய மாதம் முடிவதற்குள் காட்டும். இல்லையென்றால் அந்தக் கொம்பு என் ஊரில் ஒலிக்கக்கூடாது."

அன்று எலியாவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளே அவர் ஆதவனைத் தேடிப் போனார். துடுப்புப் பிடித்து அவன் கைகள் காய்த்திருந்தன.

"அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை துறை வரை வந்தேன்," என்றான். "இறங்கத்தான் முடியவில்லை."

"இறங்க வேண்டாம், வாரும்," என்றார் எலியாவு.

மாதத்தின் கடைசி நாள் காலை ராஜாவைத் துறைக்கு அழைத்து வந்தார். கரையிலிருந்து பத்து முழம் தள்ளி ஒரு படகு நின்றது. அதில் ஆதவன் கைகூப்பி நின்றான்.

"இது ஆணையை மீறுவது," என்றார் கண்டப்பன்.

"கால் படக்கூடாது என்றுதான் ஆணை. வரக்கூடாது என்றில்லையே. யாராவது தூக்கி வந்தால் மகாராஜாவின் சொல் அப்படியே நிற்கும்," என்றார் எலியாவு.

"யார் தூக்குவது?" என்று கண்டப்பன் கேட்டார்.

அதற்குள் ராஜா செருப்போடு தண்ணீரில் இறங்கியிருந்தார். இடுப்பளவு ஆழத்தில் நின்று மகனை இரண்டு கைகளாலும் வாரி எடுத்தார்.

"மன்னித்துவிடுங்கள், அப்பா."

"பேசாதே. கழுத்தைப் பிடித்துக்கொள்." ராஜா மகனை மார்போடு சேர்த்துக்கொண்டார்.

கரையேறினார். கண்டப்பன் விடவில்லை. "எவ்வளவு நேரம் தூக்கி வைத்திருப்பார்? இறக்கிவிட்டால் ஆணை போயிற்று."

ராஜாவுக்கு மூச்சு வாங்கியது. "எலியாவு, சீக்கிரம் வழி சொல்லும். இவன் கனக்கிறான்."

"நிற்கிற இடத்தை மகனுக்குக் கொடுத்துவிடுங்கள், மகாராஜா. பிறகு அது தங்கள் மண் இல்லையே."

ராஜா சிரித்த சிரிப்பில் மகன் கைநழுவப் பார்த்தான். "இந்தத் துறை இனி ஆதவனுக்கு," என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அவனை மெல்ல இறக்கிவிட்டு, தன் மோதிரத்தைக் கழற்றி எலியாவின் கையில் வைத்து, "ஒரே ஆளால் இரண்டும் முடிகிறதே. உம்முடைய கொம்பு ஒலிக்கட்டும்," என்றார்.