வாலாயுதம் கற்ற ஒரே வாக்கியம்

நாவல்காட்டில் இரண்டு மொழிகள் இருந்தன. மரத்தில் வாழ்ந்தவர்கள் மரமொழி பேசினார்கள். தண்ணீரில் வாழ்ந்தவர்கள் குளமொழி பேசினார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்கு மருந்துக்கும் புரியாது.

ஆனாலும் ஒருவர் இல்லாமல் மற்றவருக்குக் காரியம் நடக்காது. மருந்து இலைகள் மரத்து உச்சியில்தான் வளரும். அதனால் மருந்தகம் குரங்குகளின் பொறுப்பு. மழைக்காலத்தில் பாதிக் காடு மூழ்கிவிடும். அதனால் அக்கரைக்கு ஆள் கடத்துவது ஆமைகளின் பொறுப்பு.

“இரண்டுமே அரசாங்க மொழிகள்தான். யாரும் யாரையும் மட்டம் தட்டக் கூடாது” என்று யானை ராணி ஆணையிட்டாள். மருந்தக வாசலில் இரண்டு மொழியிலும் பலகை வைத்தார்கள். அடுத்த மொழியைக் கற்றுக்கொள்ளும் அதிகாரிக்குத் தினம் ஒரு சீப்பு வாழைப்பழம் கூடுதல் என்றும் அறிவித்தார்கள்.

பலகையை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாழைப்பழத்தை எல்லோரும் பார்த்தார்கள்.

மருந்தக அதிகாரி வாலாயுதம் என்ற குரங்கு அன்றைக்கே, மரமொழியும் தெரிந்த ஒரு தவளையைப் பிடித்தது.

“நாளைக்கு வா என்பதைக் குளமொழியில் எப்படிச் சொல்றது?”

“க்ளுப் க்ளாப்” என்றது தவளை. “அப்படியே ‘உடம்புக்கு என்ன’ன்னு கேக்கவும் சொல்லித் தரட்டுமா?”

“அதெல்லாம் எதுக்கு? கேட்டா பதில் சொல்வாங்க. அப்புறம் பதில் வேற புரியணும். எனக்கு இது போதும்.”

பரீட்சை வைத்தது ஓர் ஆந்தை. வாலாயுதம் நெஞ்சை நிமிர்த்தி, “க்ளுப் க்ளாப்” என்றது. ஆந்தைக்கும் குளமொழி தெரியாது. சத்தம் கொஞ்சம் ஈரமாக இருந்ததால் தேர்ச்சி என்று சொல்லிவிட்டது. மறுநாளிலிருந்து வாழைப்பழம் வந்தது.

இப்படி இருக்கையில், கெட்டியம்மாள் என்ற ஆமையின் குட்டிக்குக் கண் வீங்கிவிட்டது. இமை ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. “அம்மா, இருட்டா இருக்கு” என்று அது ஓயாமல் அழுதது. வெயில் பட்டால் எரிச்சல் கூடியது. அதனால் குட்டியைத் தாமரை இலைக்கு அடியில் விட்டுவிட்டு, கெட்டியம்மாள் தனியாக மேடேறி மருந்தகத்துக்கு வந்தாள். ஆமைக்கு மேடேறுவது என்றால் சும்மாவா? விடியலில் கிளம்பியவள் வந்து சேரும்போது உச்சிவெயில்.

“ஐயா, என் பிள்ளைக்குக் கண்ணு திறக்கல. இப்படியே விட்டா பார்வை போயிடும்னு சொல்றாங்க. இலைச்சாறு கொஞ்சம் குடுங்க” என்று குளமொழியில் கெஞ்சினாள்.

வாலாயுதத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. பழத்தை உரித்தபடியே, “க்ளுப் க்ளாப்” என்று கையை வீசியது.

கெட்டியம்மாள் திரும்பிப் போனாள். அதிகாரியே தன் மொழியில் சொல்லிவிட்டாரே, நம்பாமல் இருக்க முடியுமா? மறுநாளும் வந்தாள். மறுநாளும் அதே பதில்.

அடுத்த முறை அவள் சொல்லிப் பார்த்ததோடு விடவில்லை. துடுப்புக் காலால் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள். கண்ணை இறுக மூடியும் காட்டினாள்.

வாலாயுதத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “நான் வேலை நேரத்துல தூங்கறேன்னு சொல்றியா?”

கால் சுளுக்குக்கு மருந்து வாங்க வந்திருந்த மைனா குறுக்கே வந்தது. அதற்கு இரண்டு மொழியும் தெரியும். “ஐயா, அந்த அம்மா சொல்றது அது இல்ல. நான் வேணா எடுத்துச் சொல்றேன்.”

“உன்னை யார் கூப்பிட்டது? இது அரசாங்க மருந்தகம். இங்கே குளமொழி பேசறதுக்கு அதிகாரி நான் இருக்கேன். அதுக்குத்தான் வாழைப்பழம் தர்றாங்க. நீ எடுத்துச் சொன்னா, அப்ப எனக்குத் தெரியலைன்னு ஆகாதா?”

மைனாவின் சுளுக்குக்குக்கூட மருந்து தராமல் விரட்டிவிட்டது. கெட்டியம்மாளுக்கு வழக்கம்போல “க்ளுப் க்ளாப்” கிடைத்தது. அவள் இறங்கிப் போகும்போது அழுதாள். அதற்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை. ஆனால் அந்தக் குரங்கு பார்த்தால்தானே!

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. குளம் உடைத்துக்கொண்டு மேட்டைச் சூழ்ந்தது. மருந்தகக் கூரை மிதந்து போயிற்று. வாலாயுதம் கையில் அகப்பட்ட ஒரு கட்டு இலையை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்துப் புங்க மரத்தில் ஏறியது. சுற்றிலும் வெள்ளம். தாவுவதற்கு வேறு மரம் இல்லை. வாலாயுதத்துக்கு நீச்சலும் தெரியாது.

ஆமைகள் சுறுசுறுப்பாக இருந்தன. முயல்களையும் அணில்களையும் முதுகில் ஏற்றி அக்கரையில் விட்டன. கெட்டியம்மாளும் ஆள் கடத்திக்கொண்டிருந்தாள். வீட்டில் பிள்ளை அழுதாலும் வேலை வேலைதானே.

அவள் தூரத்தில் போவதை வாலாயுதம் பார்த்துவிட்டது.

“காப்பாத்து! இங்கே வா!” என்று மரமொழியில் கத்தியது.

கெட்டியம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். குரங்கு மரத்தில் இருந்தது. மரத்தில் இருக்கும் குரங்குக்கு என்ன ஆபத்து என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் நின்று கேட்டாள். “நான் வரட்டுமா ஐயா?”

அவள் பேச்சு வாலாயுதத்துக்குப் புரியவில்லை. அவள் மொழியில் எதையாவது சொன்னால் கிட்டே வருவாள் என்று மட்டும் தோன்றியது. பதற்றத்தில் வாய்க்கு வந்தது ஒன்றே ஒன்றுதான்.

“க்ளுப் க்ளாப்!”

கையையும் பலமாக வீசியது, மருந்தகத்தில் வீசுவது போலவே.

“சரிங்க ஐயா” என்று கெட்டியம்மாள் திரும்பினாள். “அவசரம் இல்லையாம். நாளைக்கு வரச் சொல்றாரு” என்று மற்ற ஆமைகளிடமும் சொல்லிவிட்டாள்.

“க்ளுப் க்ளாப்! க்ளுப் க்ளாப்!” என்று குரங்கு தொண்டை கிழியக் கத்தியது. அது கத்தக் கத்த, ஆமைகள் வேகமாக விலகிப் போயின. அதிகாரிக்குக் கோபம் வருகிறது என்று பயந்துவிட்டன, பாவம்.

விடியும்வரை வாலாயுதம் நடுங்கிக்கொண்டு கிளையைக் கட்டிப்பிடித்தபடி இருந்தது. தண்ணீர் வாலைத் தொட்டது. ‘நாளைக்கு’ என்பது எவ்வளவு தூரம் என்று அதற்கு முதன்முதலாகத் தெரிந்தது.

பொழுது புலர்ந்ததும் கெட்டியம்மாள் சொன்னபடி வந்து நின்றாள். வானம் மூடியிருந்ததால் குட்டியும் முதுகில் இருந்தது. வழி தெரியட்டும் என்று மைனா மேலே பறந்து வந்தது.

“வரச் சொன்னீங்களாம், வந்துட்டாங்க. ஏறுங்க” என்றது மைனா.

வாலாயுதம் கெட்டியம்மாளின் முதுகில் இறங்கியது. அப்போதுதான் அந்தக் குட்டியின் கண்ணைப் பார்த்தது. வீங்கி, ஒட்டி, சீழ் கட்டியிருந்தது. குட்டி குளமொழியில் ஏதோ முனகியது.

“என்ன சொல்லுது?” என்று மைனாவிடம் கேட்டது.

“இருட்டா இருக்குன்னு சொல்லுது. இதைச் சொல்லத்தான் அந்த அம்மா தினம் மேடேறி வந்தாங்க.”

வாலாயுதம் அழுதபடியே இடுப்பில் செருகியிருந்த இலைகளை வெளியே எடுத்தது. நல்ல வேளையாக, கண்ணுக்கான இலையும் அதில் இருந்தது. அதைக் கசக்கிக் குட்டியின் கண்ணில் சாறு பிழிந்தது. கரை சேர்வதற்குள் இமை லேசாகப் பிரிந்தது. குட்டி முதலில் பார்த்தது ஒரு குரங்கின் அழுமூஞ்சியைத்தான். பார்த்துவிட்டுச் சிரித்தது.

கரையில் இறங்கியதும் வாலாயுதம் மைனாவின் பக்கம் திரும்பியது. “எங்கே வலிக்குதுன்னு குளமொழியில் எப்படிக் கேக்கறது? அவங்க சொல்ற பதிலையும் சேர்த்துச் சொல்லிக் கொடு. வாழைப்பழத்தை நீ எடுத்துக்கோ. உன் சுளுக்குக் காலையும் இப்படிக் காட்டு.”

அடுத்தவரைத் திருப்பி அனுப்புவதற்கு மட்டும் ஒரு மொழியைக் கற்றவன், உதவி கேட்க வேண்டிய நாளில் அந்த மொழியில் ஊமையாகத்தான் நிற்பான்.