வேறெதிலும் ஓடாத மென்பொருள்

ஆஸ்பத்திரியின் பழைய சர்வர் எந்நேரமும் நின்றுவிடும் நிலை. பத்து வருட ஸ்கேன் படங்கள் அதில்தான் இருந்தன. புது சர்வருக்குப் பிராசஸரும் வேறு, ஆப்பரேட்டிங் சிஸ்டமும் வேறு.

"நான் எழுதின சேமிப்பு மென்பொருள் வேறெதிலும் ஓடாது," என்று கைவிரித்தார் தலைமைப் பொறியாளர் தாமோதரன்.

"ஓட வைக்கலாம் சார்," என்றாள் ஒப்பந்த ஊழியை செங்கமலம்.

"எங்கே, ஓட்டிக் காட்டு!" என்று சிரித்தார்.

மூன்று வாரம் அந்த மென்பொருளை வரிவரியாகத் திருத்தினாள். அதைச் சோதித்துப் பார்க்க டாக்டர்கள் கூடிய அன்று, தாமோதரன் தன் கணினியில் பழைய படமொன்றைத் திறந்தார். பளிச்சென்று வந்தது.

"பார்த்தீங்களா? இந்த வேகம் புது சர்வருக்கு வருமா?"

"வந்துடுச்சே சார். பழையதைக் காலையிலேயே அணைச்சுட்டேன்."

பெரிய டாக்டரம்மா செங்கமலத்தின் பக்கம் திரும்பினார்.

"நமக்கு ஆறு கிளினிக் இருக்கும்மா. ஒவ்வொண்ணிலயும் ஒவ்வொரு மாதிரி மெஷின்."

"முதல்ல எங்க போகணும், டாக்டர்?" என்று எழுந்தாள் செங்கமலம்.