கொள்ளு நேரம்

நிறைசினைக் குதிரை காணாமல் போன மூன்றாம் நாளும், விளக்கு வைக்கும் வேளையில் பாழுங்கிணறு கனைத்தது.

"செத்த குதிரையோட ஆவி! கல்லைப் போட்டு மூடுங்கடா!" என்று அலறினார் ஜமீன்தார்.

லாயத்து வேலைக்காரி பவளாயி கும்பிட்டாள். "செத்தும் கொள்ளு நேரம் தவறாமக் கூப்பிடுதே, சாமி. ஒரு வாளி கொடுத்துப் பார்க்கட்டுமா?"

"பேய் தின்னுமாடி? தின்னலேன்னா உன்னையும் சேர்த்துத்தான் மூடுவேன்!"

இருட்டுக்குள் இறங்கிய வாளி, நக்கித் துடைத்த ஈரத்தோடு வெறுமையாக வந்தது. கல் சுமந்தவர்களே பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு இறங்கி, வயிற்றுக்கடியில் பட்டை கட்டிக் குதிரையை மேலே இழுத்தார்கள். அதன் வயிறு ஒட்டிப்போயிருந்தது.

கிணறு மறுபடி கனைத்தது, மெல்லிய குரலில். ஜமீன்தார் பவளாயியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார்.

"பயப்படாதீங்க சாமி," என்றாள் அவள். "இது கொள்ளு கேக்கலை. பால் கேக்குது."