ராஜாவுக்கு ஒரே கட்டம்

"டூட்டியில செல்லுல செஸ்ஸா?" என்று வாட்ச்மேன் சவரிமுத்துவைப் பிடித்துக்கொண்டார் அபார்ட்மென்ட் சங்கத் தலைவர் ரங்கபாஷ்யம். "என்னோட ஆன்லைன்ல ஆடு. தோத்தா இனிமே செல்லைத் தொடக்கூடாது."

தலைவர் வீட்டிலிருந்தும் இவன் கேட்டிலிருந்தும் ஆடினார்கள். பிரமாதமான ஆட்டம். தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் தலைவர் காயைத் தொடாமல் உட்கார்ந்துவிட்டார். ஆட்டக் கடிகாரத்தில் அவருக்கு அரைமணி பாக்கி, இவனுக்கு ஒரே நிமிஷம். ஆறு மணிக்கு மோட்டார் போட இவன் பேஸ்மென்ட்டுக்குப் போயாக வேண்டும். அங்கே சிக்னல் கிடையாது. அப்போது தலைவர் நகர்த்தினால், பதிலுக்கு ஆட முடியாமல் இவன் நேரம் தீர்ந்துவிடும்.

ஆறு அடித்தது. சவரிமுத்து அசையவில்லை. தண்ணீர் நின்றுபோய் வீட்டுக்காரர்கள் கேட்டுக்கு ஓடிவந்தார்கள்.

"தலைவர் நகர்த்தினதும் போட்டுடறேன் சார். இருபது நிமிஷமா யோசிக்கிறார்," என்று செல்லைக் காட்டினான். "அவர் ராஜாவுக்குப் போறதுக்கு ஒரே கட்டம்தான் இருக்கு."

கூட்டம் சிரித்துக்கொண்டே தலைவர் வீட்டுக் கதவைத் தட்டியது. அவர் நகர்த்தினார், தோற்றார்.

செல் தப்பியது. ஆனால் சவரிமுத்துவுக்கு ஈடுகொடுத்து ஆட அங்கே வேறு ஆளில்லை. அந்தச் சிரிப்பு இல்லாமலே ஜெயித்திருக்கலாமோ என்று அவனுக்கு இன்னும் உறுத்துகிறது. இப்போதும் செல்லில் தலைவர் பெயருக்குப் பக்கத்தில், ஆன்லைனில் இருக்கிறார் என்று பச்சைப் புள்ளி எரியும். இவன் ஆடக் கூப்பிட்டதும் அணைந்துவிடும்.