போனும் ஓர் ஆள்தான்

கோவைப் பக்கத்தில் கிரைண்டர் விற்கிற கம்பெனி ஒன்று. அங்கே போனில் புகார் கேட்கும் பிரிவில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. எடுத்துச் செலவழித்தால்தானே குறையும்?

அதற்கு மேற்பார்வையாளர் மகுடபதி. அன்றைக்குத்தான் புதுசாக போன் மாட்டியிருந்தார்கள். "சாயங்காலம் நானே கூப்பிட்டுப் பார்ப்பேன். போன் ஒழுங்கா வேலை செய்யலைன்னா நீ குடோனுக்குப் போய் கிரைண்டர் கல்லு தூக்கு" என்று முதலாளி சொல்லிவிட்டார். மகுடபதிக்கோ குனிந்தால் நிமிர முடியாத இடுப்பு.

போன் மாட்டியவர் தெளிவாகத்தான் சொன்னார்: "ஆளுக்கொரு நம்பர் இந்தச் சீட்டுல இருக்கு. அதை போன்ல அழுத்தினாத்தான் கஸ்டமர் கூப்பிடறது உங்களுக்கு வரும். ஒருத்தர் நம்பர் வேற யாருக்கும் தெரியக்கூடாது."

மகுடபதி கண்ணை இறுக மூடிக்கொண்டு சீட்டுகளைக் கொடுத்தார். இருந்தது இரண்டே பேர். பெரியவர் ராக்கியப்பன் தன் சீட்டைப் படித்துவிட்டு டீயோடு சேர்த்து விழுங்கினார். சுலோசனா போனில் விரலை வைத்தவள், சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"ஏனுங்க சார், இதை அழுத்தினா போனுக்குத் தெரிஞ்சிடுமே?"

"போன் ஒரு ஆளா?" என்றார் ராக்கியப்பன்.

"பேசுது. நாம பேசினா கேக்குது. எங்க வீட்டுக்காரர் இதுல ஒண்ணுகூடச் செய்யமாட்டார். அவரையே ரேஷன் கார்டுல ஆளுன்னுதானே எழுதியிருக்காங்க?"

ஞாயமான பேச்சு. மகுடபதி நெடுநேரம் யோசித்து, போனும் ஆள்தான் என்று தீர்ப்புச் சொன்னார்.

உடனே ராக்கியப்பன் தோளில் கிடந்த துண்டை போன்மேல் போர்த்தினார். இரண்டு பேரும் துண்டுக்கு மேலாகத் தடவித் தடவி அழுத்தினார்கள். "நீங்கள் அழுத்திய எண் தவறானது" என்றது போன்.

"பாத்தீங்களா, அதுக்குத் தெரியலை" என்றார் ராக்கியப்பன். மகுடபதிக்கு அப்பாடா என்றிருந்தது.

சாயங்காலம் ஆயிற்று. போன் மணி அடிக்கவே இல்லை. மகுடபதியின் செல்போன்தான் அடித்தது. முதலாளி.

"மகுடபதி, இன்னொரு காதுல நம்ம கம்பெனி போனைத்தான் வெச்சிருக்கேன். ரொம்ப நேரமா பாட்டு பாடுது. நடுநடுவுல ஒரு பொண்ணு, எல்லாரும் வேற அழைப்புல இருக்காங்க, வரிசையில நீங்கதான் முதல் ஆளுங்குது."

மகுடபதிக்கு இப்போதே இடுப்பு வலித்தது.

"எங்க ஊர்க் கோயில்ல முதல் மரியாதை கேட்டு வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு அலையறேன். ஒருத்தனும் தரலை. நீ ஒரே நாள்ல தந்துட்டியேப்பா." முதலாளிக்குக் குரல் தழுதழுத்தது. "ஆமா, யாராவது போனை எடுத்துட்டா என் இடம் போயிடுமா?"

"போயிடுங்க சார்."

"அப்ப எவனும் எடுக்கக்கூடாது."

மகுடபதி இப்போது மேனேஜர். முதலாளி இன்னும் லைனில்தான் இருக்கிறார். போன வாரம் மகள் கல்யாணத்தில்கூட ஒரு கையால்தான் அட்சதை போட்டார்.